கொடைக்கானல் பின்கோடு பகா எண்ணா?

கேள்வி: கொடைக்கானலில் மலைப்பூண்டு வியாபாரம் செய்கிறோம். வெளியூர் போகும் ஒவ்வொரு பார்சலிலும் அனுப்புநர் முகவரியில் 624101 என்று எழுதி எழுதி அந்த எண் கைக்கே பழகிவிட்டது. ஒன்பதாவது படிக்கும் என் மகள், மழையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம் உட்கார்ந்து 2 முதல் 47 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாள். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை, அதனால் நம் பின்கோடு பகா எண்தான் என்கிறாள். சரியா?
- ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: இல்லைங்க. 281 × 2221 = 624101. இந்த இரண்டும்தான் பகா எண்கள். ஆனால் மகளிடம் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், அவள் போன வழி சரி, பாதியில் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 790 வரை போக வேண்டும்.

அந்த 790-இல்தான் விஷயமே இருக்கிறது. 790 × 790 = 624100. உங்கள் பின்கோடு அதைவிட ஒன்றே ஒன்று அதிகம்! 624 என்றால் திண்டுக்கல் பக்கம், கடைசி மூன்று இலக்கம் உங்கள் ஊர் தபால் நிலையம். 1972-இல் பின்கோடு வந்தபோது யாரும் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்க மாட்டார்கள், தானாக அமைந்திருக்கிறது.

ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டிய எண்ணை 3, 7, 11, 19 போல 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் வகுக்கவே வகுக்காது. 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த வர்க்கத்தை 7-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 2, 4 இவற்றில் ஒன்றுதான், நமக்கு வேண்டியதோ 6. அதனால் பாதிக்கு மேல் வேலை மிச்சம். பகா எண் வரிசையில் 281 அறுபதாவது. இப்படித் தள்ளிவிட்டுப் பார்த்தால் 29-ஆவது முயற்சியிலேயே வந்துவிடும். பெரிய வகுத்தலும் வேண்டாம். 281 × 3 = 843, அதற்கு 790 குறைவது 53. அதனால் 281-ஆல் வகுக்கும்போது 790-இன் வர்க்கமும் 53-இன் வர்க்கமும் ஒரே மீதிதான் தரும். 53-இன் வர்க்கம் 2809, ஒன்று கூட்டினால் 2810, அது 281-இன் பத்து மடங்கு. மனக்கணக்குதான்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. 281 = 5² + 16², 2221 = 14² + 45². இப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினால் வருவதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத 7-ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் வழி சொல்லியிருக்கிறார். 5 × 14 = 70, 16 × 45 = 720; கூட்டினால் 790, கழித்தால் 650. 5 × 45 = 225, 16 × 14 = 224; கழித்தால் 1, கூட்டினால் 449. 624100-ஐ 624101 ஆக்கிய அந்த ஒன்று இந்த 225-க்கும் 224-க்கும் நடுவிலிருந்துதான் வருகிறது, பாருங்கள்! ஆக 790² + 1² மட்டுமல்ல, 650² + 449² கூட 624101-தான். பகா எண் எதையும் இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது. 422500-ஐயும் 201601-ஐயும் மகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.