பரணில் இருந்து இறங்கிய மைக் செட்டும் தம்பியின் மேற்படிப்பும்

அண்ணாச்சி, நேற்று பாளையங்கோட்டையில் என் அறையை விட்டுக் கிளம்பும்போது உங்கள் மகன் தம்பியின் மேற்படிப்பைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு, வாசலில் நின்றபடி பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "செத்துப்போன வால்வைக் கட்டிக்கிட்டு அழுறானே, இவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்றீர்கள். பழைய ரேடியோவிலும் மைக் செட்டிலும் எரியும் கண்ணாடிக் குழாயைத்தான் வால்வு என்றீர்கள். மதினி ஒன்றும் பேசவில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போன் பேச வெளியே போயிருந்த நேரத்தில் தம்பி பையில் இருந்து ஒரு நீளமான தகரப் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தான். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்குகள், முனைக்கு ஒன்றாக இரண்டு சின்ன காயில், அதாவது கம்பிச் சுருள். லேசாக ஆட்டினான், கிணுகிணுவென்று சத்தம் வந்தது. "ஆம்ப்ல மாட்டிட்டு ஆட்டினா இடி இடிக்கும் சார்" என்றான். ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபையர், சத்தத்தைப் பெருக்கும் கருவி. ரிவெர்ப் என்று சொல்கிறார்களே, கோயில் மண்டபத்தில் பாடினால் குரல் சுற்றி வருமே, அந்தக் கார்வையை ஒரு பெட்டிக்குள் உண்டாக்கும் வழி இது. ஹாமண்ட் ஆர்கன் என்ற வாத்தியத்துக்காக வந்த இந்தப் பெட்டியை அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1963இல் கிட்டார் ஆம்ப்புக்குள்ளேயே வைத்தது.

நான் அவனைச் சோதிக்கத்தான் கேட்டேன்: "வால்வில் இருந்து நேராக இந்தக் காயிலுக்குக் கம்பி கொடுத்தால் என்ன?" யோசிக்காமல் பதில் வந்தது. காயில் சுமார் 8 ஓம்தான். வால்வுக்கோ ஆயிரக்கணக்கான ஓம் தாங்கும் சுமை வேண்டும். நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் இல்லாவிட்டால் ஸ்பிரிங் அசையாது. அதற்காகவே 12ஏடி7 வால்வின் இரண்டு பாதியையும் சேர்த்துப் போடுகிறார்கள், மறுமுனையில் வரும் சில மில்லிவோல்ட்டை 12ஏஎக்ஸ்7 என்ற இன்னொரு வால்வு தூக்கி எடுக்கிறது என்று பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தே காட்டினான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்து அவன் சொன்னது. அவன் தாத்தா கோயில் கொடைக்கு வாடகைக்கு விட்ட மைக் செட்டைப் பரணில் இருந்து இறக்கி, இந்தப் பெட்டியை அதில் பொருத்தியதும் 'உம்'மென்று ஓர் இரைச்சல். மூன்று நாள் வால்வை மாற்றிப் பார்த்தானாம், கண்டென்சரை மாற்றிப் பார்த்தானாம். நாலாம் நாள் பெட்டியை அப்படியே முனை மாற்றித் திருப்பி வைத்தான், இரைச்சல் அடங்கிவிட்டது. சிக்னலை வெளியே எடுக்கும் காயில் பவர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருந்ததால் அதன் காந்தப்புலத்தை இழுத்துக்கொண்டிருந்தது என்று அவனே கண்டுபிடித்தான். அண்ணாச்சி, பழுது எங்கே என்று இப்படித் தேடிப் போகும் புத்தியை நாலு வருடம் படித்து முடித்த பிள்ளைகளிடமும் நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். கிட்டார் ஆம்ப் மட்டும் பழுதுபார்த்துத் திருநெல்வேலியில் குடும்பம் நடத்த முடியாது. அதை அவனிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஆனால் வால்வு செத்துப்போனது என்பது சரியில்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே டியூப் வால்வின் இனம்தான். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் மேக்னெட்ரானும் அப்படியே. ராடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் வேண்டிய மைக்ரோவேவ் டியூபுக்கென்றே பெங்களூரில் பாதுகாப்புத் துறையின் டிஆர்டிஓவுக்கு ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. ராஜஸ்தான் பிலானியில் மத்திய அரசின் சீரி ஆய்வு நிறுவனமும் அந்த ஆராய்ச்சி செய்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும்போது சென்சார் கொடுக்கும் துளி சிக்னலை இரைச்சலில் இருந்து பிரித்து எடுக்க வேண்டும். தம்பி பெட்டியைத் திருப்பி வைத்துச் செய்தது அந்த வேலையின் அரிச்சுவடி.

நீங்கள் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பணம் கட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க நினைக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. பொறியியல் கவுன்சிலிங்கில் இசிஇயை (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) முதலிலும் இஇஇயை (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) அடுத்தும் போடுங்கள், நம் அரசு பொறியியல் கல்லூரியைப் பட்டியலின் மேலே வையுங்கள். கட்ஆஃப் எட்டவில்லையா, பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்புக்கு ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை, அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும்.

கம்ப்யூட்டர் ஆசையையும் நீங்கள் விட வேண்டாம். இன்று வால்வு ஆம்ப்பின் சத்தத்தை அப்படியே கணக்காக எழுதி மென்பொருளாகவும் கருவியாகவும் விற்கிறார்கள்; ஜெர்மனியின் கெம்பர், பின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி எல்லாம் அந்த வேலைதான் செய்கின்றன. அந்த ஸ்பிரிங்கின் கார்வையைக் கணக்கில் கொண்டுவரும் பாடம் இசிஇயிலேயே வருகிறது. கணக்கில்தான் தம்பி கொஞ்சம் அசட்டை. அதற்கு இப்போதே டியூஷன் வையுங்கள், சி பிளஸ் பிளஸ்ஸும் படிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்காகப் படிக்கச் சொன்னால் படிப்பான்.

சவுண்ட் இன்ஜினியரிங் என்று ஒரு சித்தப்பா சொன்னாராமே. தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கு நல்ல பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் "உனக்குக் கேட்கப் பிடிக்குமா, திறந்து பார்க்கப் பிடிக்குமா?" என்று தம்பியைக் கேட்டேன். "திறந்து பார்க்கத்தான் சார்" என்றான். அதனால் அந்தப் பேச்சை இதோடு விடலாம்.

இனி மதினிக்கு. நீங்கள் பயப்படுவது நியாயம்தான், அதில் நான் உங்கள் பக்கம். அந்த மைக் செட்டுக்குள் 400 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும், ஆளைத் தூக்கிப் போடும். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வழியாகக் கண்டென்சரை இறக்கி, மல்டிமீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணும் பழக்கம் அவனிடம் இருக்கிறது, கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எர்த் உள்ள மூன்று பின் பிளக் போட எலெக்ட்ரீஷியனை இந்த வாரமே கூப்பிடுங்கள். அதுவரை செட் தார்சாவிலேயே இருக்கட்டும், மதினியின் கண் முன்னால், மூடி போட்டபடி.

சனிக்கிழமை காலையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழோடு மூன்று பேரும் வாருங்கள், விருப்பப் பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடலாம். தம்பியிடம் அந்த ரெக்கார்டு நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.