கர்னலின் அடிமட்டம்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

புதுப் போர்டுகளில், அதாவது சிறு கணினிப் பலகைகளில், லினக்ஸை ஓட வைப்பதுதான் என் வேலை. லினக்ஸின் மையப் பகுதிதான் கர்னல். நான் ஹட்டன் பக்கத்து லயத்தில் வளர்ந்தவன். ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தலவாக்கலை: அண்ணா, இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் ஐ2சி சென்சரை வாசித்தால், 'ஸ்கெஜூலிங் வைல் அட்டாமிக்' என்று கர்னல் கத்துகிறது. ஏன்?

சாதனம் கர்னலைக் கூப்பிடும் சைகைதான் இன்டரப்ட், அது வந்ததும் ஓடும் கோடுதான் ஹேண்ட்லர். அது தூங்கக் கூடாது தம்பி, கர்னல் கத்துவதும் அதைத்தான். ஐ2சி, சில்லுகளை இணைக்கும் மெதுவான கம்பிவழி (பஸ்), சாதாரண வேகம் 100 கிலோஹெர்ட்ஸ்தான். பரிமாற்றம் முடியும்வரை அதன் டிரைவர், அதாவது அதை இயக்கும் கோடு, தூங்கிக் காத்திருக்கும். ஹேண்ட்லரோ வேறு யாருடைய வேலையையோ இடைமறித்து ஓடுகிறது. தூங்கிவிட்டால் மறுபடி எழுப்ப அதற்கென்று தனி த்ரெட் (தனியாக ஓடும் வேலை) இல்லை. நம்ம மடுவத்தை நினைத்துக்கொள்: அங்கே கொழுந்தை நிறுத்து எழுதுவதோடு சரி, அரைப்பது ஃபேக்டரியில். அதேபோல் சென்சர் வாசிப்பைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிடு. அதற்கான 'ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ' என்ற ஃபங்ஷன் 2009-இல் வந்த 2.6.30 கர்னல் முதலே இருக்கிறது. முதல் ஹேண்ட்லரை வெறுமையாக விட்டால் 'ஒன்ஷாட்' கொடியையும் போடு. இல்லையென்றால் பதிவே நடக்காது. இந்தக் கொடியை மறந்து நானே அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

பண்டாரவளை: தோட்டத்து மழைமானியின் சிறு வாளி நிரம்பி ஒரு முறை சாய்ந்தால், அந்தச் சாய்வை மூன்றாக எண்ணுகிறது. கர்னல் பிழையா?

இல்லை, சாய்வை எண்ணும் ரீட் சுவிட்ச் (காந்தம் நெருங்கினால் மூடும் சுவிட்ச்) துள்ளுகிறது. மூடும்போது சில மில்லிவினாடிகள் விட்டுவிட்டுத் தொடும், ஒவ்வொரு தொடலும் ஒரு இன்டரப்ட். முதல் தொடலுக்குப் பின் 50 மில்லிவினாடிக்குள் வருவதைப் புறக்கணி. மழை தவறிப்போகுமோ என்று பயமா? உன் மானி சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால், மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினாலும் 500 சாய்வு, அதாவது ஏழு வினாடிக்கு ஒன்று.

நுவரெலியா: கரண்ட் போய் வந்தால் ராஸ்பெரி பை 4 என்ற என் சிறு கணினியின் நேரம் பின்தங்குகிறது அண்ணா.

அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கும், இணையம் வந்த பிறகுதான் திருந்தும். சிக்னல் இல்லாத இடத்தில் டிஎஸ்3231 கடிகார மொட்யூல் ஒன்றைப் பேட்டரியோடு மாட்டு. டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. அமைப்பில் 'ஐ2சி ஆர்டிசி' ஓவர்லே என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பதுளை: போர்டில் எந்தச் சாதனம் எங்கே என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பு எதற்கு? சாதனத்தின் முகவரியை நேரடியாக டிரைவரில் எழுதினால் என்ன, அண்ணா?

எழுதலாம் தங்கச்சி, அடுத்த போர்டு வரும்வரை. பதினறும எண்ணில் சொன்னால், சாதனங்களின் தொடக்க முகவரி முதல் ராஸ்பெரி பையில் 20000000, பை 2-இல் 3எஃப்000000, பை 4-இல் எஃப்இ000000. போர்டுக்கொரு கோப்பு என்று கர்னலில் ஏஆர்எம் (இந்தப் போர்டுகளின் பிராசசர் வகை) பகுதி குவிந்துபோனதில் 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகே ஏஆர்எம்மில் டிவைஸ் ட்ரீ வேகமாகப் பரவியது. முகவரியும் இன்டரப்ட் எண்ணும் ட்ரீயில் இருக்கும். டிரைவர் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: முதல் பையின் கையேட்டில் 7இ என்று தொடங்கும் முகவரிகள் இருக்கும். அவை சில்லின் உள்ளேயுள்ள பஸ் முகவரிகள், டிரைவரில் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதே.

மஸ்கெலியா: போர்டு வாங்கக் காசில்லை. எப்படிப் பழகுவது?

கணினிக்குள்ளேயே போலிக் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூ (QEMU) இலவசம். அதில் 'எடு' (edu) என்று, டிரைவர் எழுதிப் பழகுவதற்காகவே ஒரு போலி பிசிஐ சாதனம் (கணினியில் செருகும் அட்டை போன்றது) இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் ஃபாக்டோரியல் கணக்கிடும், கேட்டுக்கொண்டால் முடிந்ததும் இன்டரப்ட் அடிக்கும், டிஎம்ஏவும் (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்தோடு தரவைப் பரிமாறுவது) உண்டு. முதலில் ஃபாக்டோரியலை மட்டும் வாசித்துப் பார். அப்புறம் இன்டரப்ட். டிஎம்ஏவில் சிக்கினால் கோடை அனுப்பு, பார்க்கிறேன்.