மூன்று சர்வரில் ஒன்று நின்றுவிட்டால்?

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு சர்வர், டேட்டாவெல்லாம் இருக்கும் ஒரு சான் ஸ்டோரேஜ் பெட்டி, மேலே ஒரே சர்வரில் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை (விஎம்) ஓட்டும் விஎம்வேர் 6.7. பில்லிங், லேப், மருந்தகம், ஸ்கேன் படங்கள், அக்கவுண்ட்ஸ் எல்லாம் சேர்த்து 14 விஎம். ஸ்டோரேஜ் பெட்டிக்கு வாரண்டி முடிந்துவிட்டது, உதிரி பாகமும் கிடைப்பதில்லை. மதுரை நிறுவனம் ஒன்று பிராக்ஸ்மாக்ஸ் (விஎம்வேர் போல விஎம் ஓட்டும் மென்பொருள்), செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்க்கும் மென்பொருள்) போட்டு மூன்று நோட் (சர்வர்) உள்ள எச்சிஐ, அதாவது சர்வரும் ஸ்டோரேஜும் ஒன்றான அமைப்பு, தருவதாகக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. நோட்டுக்கு 192 ஜிபி ராம், 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு. மொத்தம் 46 டெராபைட் என்கிறார்கள். இப்போது எங்களிடம் உள்ள டேட்டா 9 டெராபைட், விஎம்களுக்கு ஒதுக்கிய ராம் 380 ஜிபி. பழைய 1 ஜிபி ஸ்விட்ச்சே போதுமாம். வாங்கலாமா? இரண்டு நோட்டோடு நிறுத்தினால் ஆகாதா? செஃப்பில் டேட்டா மூன்று பிரதி இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று முதலாளி கேட்கிறார். சர்வர் அறை, பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் முற்றத்தை ஒட்டிய சாமான் அறை.

பதில்: எச்சிஐ உங்களுக்குப் பொருத்தம்தான். ஆனால் இந்தக் கொட்டேஷனை இப்படியே வாங்காதீர்கள். எல்லாம் நன்றாக ஓடும் நாளை வைத்து அதை எழுதியிருக்கிறார்கள். எச்சிஐ-க்கு அளவெடுக்க வேண்டியது ஒரு நோட் படுத்துவிட்ட நாளுக்கு. அந்த நாளில் ஓபி நிற்காமல் ஓடுமா என்று பார்த்தால் ராம், டிஸ்க், நெட்வொர்க் மூன்றிலுமே இது இடிக்கிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், முதலாளிக்கு விளக்கவும் உதவும். பழைய முறையில் சர்வர் தனி, ஸ்டோரேஜ் பெட்டி தனி, நடுவில் அதற்கென்று ஸ்விட்ச். பெட்டி போனால் சர்வர் எத்தனை இருந்தும் பயனில்லை. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். எச்சிஐ-யில் தனிப் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்குகளைப் பொதுவில் வைக்கிறது, ஒரு மென்பொருள் அவற்றைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டுகிறது. விஎம்களும் அதே சர்வர்களில்தான் ஓடும். 2009-ல் தொடங்கிய நியூடானிக்ஸ் இதைப் பிரபலமாக்கியது. 2014-ல் விஎம்வேரின் விசான் வந்தது, விண்டோஸ் சர்வர் 2016-ல் மைக்ரோசாஃப்ட்டும் இந்த வசதியைச் சேர்த்தது. ஸ்டோரேஜுக்கென்று தனி ஆள் வைக்க முடியாத இடங்களுக்கு இது தோதானது: கிளை அலுவலகங்கள், ஆலைகள், உங்களைப் போன்ற மருத்துவமனைகள். நூற்றுக்கணக்கான மெய்நிகர் டெஸ்க்டாப் ஓட்டும் நிறுவனங்களும் விரும்புகின்றன, ஏனென்றால் ஆள் கூடக்கூட நோட்டைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, ஒரே தடவையில் வாங்கும் லைசென்ஸை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அதற்கப்புறம் சிறு நிறுவனங்கள் பலவும் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் பார்க்கத் தொடங்கின. உங்கள் 6.7-க்கான பொது ஆதரவு 2022 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எதை வாங்கினாலும் அங்கிருந்து நகர்ந்தே ஆகவேண்டும்.

இனி கணக்கு.

ராம்: மூன்று நோட்டுக்கு 576 ஜிபி, தேவை 380, தாராளம் என்று தோன்றும். ஆனால் செஃப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சராசரியாக 4 ஜிபி எடுத்துக்கொள்ளும், அடிப்படை மென்பொருளுக்கும் கொஞ்சம் வேண்டும். நோட்டுக்கு 32 ஜிபி ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சுவது 160. ஒரு நோட் நின்றால் இருப்பது 320 ஜிபி. 60 ஜிபி பெறுமான விஎம்கள் எழுந்திருக்கவே மாட்டா. அந்த நேரத்தில் லேப்பா பில்லிங்கா என்று நீங்கள் தேர்வு செய்யவேண்டி வரும். நோட்டுக்கு 256 ஜிபி போட்டால் இரண்டில் 448 கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது. மொத்தச் செலவில் இது சின்னப் பகுதிதான்.

டிஸ்க்: நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 46 என்பது டிஸ்க்குகளின் மொத்தக் கூட்டு. செஃப் வழக்கமாக எல்லாவற்றையும் மூன்று பிரதி வைக்கும், நோட்டுக்கு ஒன்று. ஆக 46-ஐ மூன்றால் வகுத்தால் 15.36. அதுவும் முழுசாகக் கிடைக்காது. எந்த டிஸ்க்காவது 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரும். 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும், அதாவது மருத்துவமனை மொத்தமும் நிற்கும். சரி, 85 வரை என்றால் 13 கிடைக்குமே என்று கொட்டேஷன் கொடுத்தவர் சொல்லலாம். அதுவும் இல்லை. மூன்றே நோட், மூன்று பிரதி என்னும்போது ஒரு நோட்டில் ஒரு டிஸ்க் செத்தால் அதன் டேட்டா அடுத்த நோட்டுக்குப் போக முடியாது, அங்கே ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது. அதே நோட்டின் மற்ற மூன்று டிஸ்க்குகள்தான் அதைத் தாங்கவேண்டும். மூன்று டிஸ்க் 11.52 டெராபைட், அதில் 85 சதவீதம் 9.8. உங்களுக்கு நிம்மதியான எல்லை அவ்வளவுதான்.

இருப்பது 9 தானே என்கிறீர்களா? விஎம்வேர் திரையில் காட்டும் 9, டிஸ்க் தயாரிப்பாளர் கணக்கில் 9.9 (அது 1024-ஆல் எண்ணுகிறது, இவர் 1000-ஆல்). பெட்டியைப் பிரித்துப் பூட்டும் முதல் நாளே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள்!

இதற்கு இரண்டு வழி. நோட்டுக்கு ஆறு டிஸ்க் போட்டால் ஒன்று செத்தபின்னும் 16 டெராபைட் வரை தாங்கும். இல்லையென்றால் டேட்டாவைக் குறையுங்கள். உங்கள் 9 டெராபைட்டில் பெரும்பங்கு ஸ்கேன் படங்களாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய சிடி ஸ்கேனை யாரும் தினமும் திறப்பதில்லை. அவற்றை நெட்வொர்க்கில் மாட்டும் ஒரு சாதாரண ஸ்டோரேஜ் பெட்டிக்கு (நாஸ்) நகர்த்திவிட்டு, நடப்பு டேட்டாவை மட்டும் எச்சிஐ-யில் வைக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஸ்கேன் படங்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்காக மூன்று பிரதி வைத்து விலை கூடிய எஸ்எஸ்டியை வாங்கிக்கொண்டே இருந்தால் கட்டுப்படியாகாது. ஒன்று மட்டும், நாஸுக்கு நகர்த்தியதற்கும் பேக்கப் வேண்டும்.

எந்த எஸ்எஸ்டி என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டர் உள்ள, சர்வருக்கென்று செய்த ரகம் வேண்டும். கடையில் கிடைக்கும் டெஸ்க்டாப் எஸ்எஸ்டியில் அது இருக்காது. செஃப் ஒவ்வொரு எழுத்தும் உறுதியாகப் பதிந்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே மலிவு டிஸ்க் திணறிப்போகும். டிஸ்க்குகளை, பல டிஸ்க்கை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் நேரடியாக மென்பொருளுக்குத் தெரியும்படி இணைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நெட்வொர்க். பழைய ஸ்விட்ச் போதும் என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பில்லிங் கவுன்டரில் ஒரு ரசீது போட்டால் அது மூன்று நோட்டிலும் பதிந்த பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று திரும்பி வரும். ஸ்டோரேஜின் வேகமே அந்தக் கேபிளின் வேகம்தான். இன்னொன்றும் பாருங்கள். செத்த நோட்டைப் புது டிஸ்க்கோடு திரும்பச் சேர்த்தால் 9 டெராபைட்டும் அதற்குள் நகல் ஆகவேண்டும். 1 ஜிபி கேபிளில் (இங்கே ஜிபி என்பது நொடிக்கு ஒரு கிகாபிட், ஜிகாபைட்டில் எட்டில் ஒரு பங்கு), வேறு எந்த வேலையும் நடக்காவிட்டாலும், கிட்டத்தட்ட 23 மணி நேரம். அத்தனை நேரமும் லேப் ரிப்போர்ட் ஊர்ந்துதான் வரும். 10 ஜிபியில் அது சில மணி நேரம்.

10 ஜிபி ஸ்விட்ச் விலை அதிகம் என்று தயங்கினால், மூன்று நோட்டுக்கு ஸ்விட்ச்சே தேவையில்லை. இரண்டு போர்ட் உள்ள 10 அல்லது 25 ஜிபி கார்டை ஒவ்வொன்றிலும் போட்டு, ஒன்றை மற்ற இரண்டோடும் நேரடிக் கேபிளால் இணைக்கலாம். பிராக்ஸ்மாக்ஸ் இந்த அமைப்புக்கு வழிமுறையே கொடுத்திருக்கிறது. பழைய ஸ்விட்ச் நோயாளிப் பிரிவுகளுக்கும் கவுன்டர்களுக்கும் இருக்கட்டும். நான்காவது நோட் வரும்போது ஸ்விட்ச் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு நோட்டோடு நிறுத்தலாமா என்ற கேள்விக்கு, செஃப் வேண்டுமென்றால் முடியாது. நடுவில் கேபிள் அறுந்தால் 'மற்றவன் செத்துவிட்டான்' என்று இரண்டுமே நினைத்துக்கொண்டு ஒரே விஎம்மை இரண்டு இடத்தில் ஓட்டப் பார்க்கும். யார் உயிரோடு இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஓட்டு வேண்டும். விசானிலும் மைக்ரோசாஃப்ட்டிலும் இரண்டு நோட்டோடு வெளியே ஒரு சின்னச் சாட்சி இயந்திரத்தை வைத்து ஓட்ட வழி உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் அதற்கு விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் தேவை, அந்த விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு விஎம் மட்டும் உள்ள கானாடுகாத்தான் தங்கும் விடுதியோ புதுவயல் அரிசி ஆலையோ கேட்டிருந்தால், எச்சிஐ-யே வேண்டாம், இரண்டு சர்வரில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டு ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை நகல் எடுத்தால் போதும் என்றுதான் சொல்வேன். கடைசிச் சில நிமிட வேலை போனால் அவர்கள் திரும்ப எழுதிக்கொள்வார்கள். மருந்து கொடுத்த பதிவு அப்படிப் போகக்கூடாது. உங்களுக்கு மூன்று நோட்.

பேக்கப்பைப் பொறுத்தவரை முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள். யாரோ தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் மூன்று பிரதியிலும் அந்த நொடியே அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்து பூட்டினால் மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பிரதிகள் காப்பது டிஸ்க்கும் நோட்டும் பழுதாவதிலிருந்து மட்டும். பேக்கப்புக்குத் தனி இயந்திரம், தனி பாஸ்வேர்டு வேண்டும், கிளஸ்டரின் (மூன்று நோட்டும் சேர்ந்த தொகுப்பின்) நிர்வாகக் கணக்கால் அதில் எதையும் அழிக்க முடியக்கூடாது. தேவகோட்டையில் உங்கள் கிளினிக் இருக்கிறதென்றால் இரண்டாவது நகலை இரவில் அங்கே அனுப்பிவிடலாம். செட்டியார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்த காலத்தில் கணக்கின் நகலை ஏஜென்ட் ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாரே, அதே காரணம்தான். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு விஎம்மை அந்த நகலிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பி நோயாளி விவரத்தை வைக்காதீர்கள்.

அறை விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர் மனிதருக்குக் குளிர்ச்சி, ஆனால் கதவை மூடிய சாமான் அறையில் மூன்று சர்வரின் சூடு வெளியேற வழியே இருக்காது. ஒரு சர்வர் 500 வாட் என்று வைத்தால் மூன்றும் ஒன்றரை கிலோவாட், இரவும் பகலும். ஒரு டன் ஏசி தாங்கும். ஆனால் ஒரே ஏசி இருந்து அது சித்திரை வெயிலில் நின்றால் மூன்று நோட்டும் ஒன்றாகவே சூடேறி நிற்கும், அப்புறம் மூன்று பிரதி வைத்து என்ன? இரண்டு ஏசி போட்டு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பழைய சுவரில் குழாய்க்குத் துளை போட வீட்டுக்காரர்கள் தயங்கினால், முற்றத்தை விட்டுத் தள்ளி வேறு அறை பாருங்கள். ஐப்பசி மழைச் சாரலின் ஈரமும் முற்றத்தோரம் நல்லதல்ல. யுபிஎஸ்ஸும் அப்படித்தான். சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை வாங்கி, இரண்டையும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் சொருகுங்கள். எர்த்திங்கை எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் எல்லாம் அணைந்து திரும்ப எழும்போது ஒரு சிக்கல் வரும், இதை யாரும் கொட்டேஷனில் எழுதமாட்டார்கள். நோட்டுகள் ஒன்றையொன்று பெயரால் தேடும்படி அமைத்து, அந்தப் பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரும் அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக இருந்தால், அது எழ இது வேண்டும், இது எழ அது வேண்டும் என்று நின்றுவிடும். நோட்டுகளின் முகவரியை ஒவ்வொரு நோட்டிலும் நேரடியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். அணைக்கும் வரிசை, எழுப்பும் வரிசை இரண்டையும் தாளில் அச்சிட்டு ரேக் கதவில் ஒட்டுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு உதவாது. மதுரையிலிருந்து ஆள் வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதால் குறைந்தது இரண்டு உதிரி எஸ்எஸ்டி அலமாரியில் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் திருத்தி ஆர்டர் கொடுக்கும்போது, கடைசித் தவணை சோதனைக்குப் பிறகுதான் என்று எழுதிவிடுங்கள். ஒரு ஞாயிறு மாலை, அவர்கள் இன்ஜினியர் பக்கத்தில் இருக்க, பில்லிங் ஓடும் நோட்டின் பவர் கேபிள் இரண்டையும் நீங்களே பிடுங்குங்கள். விஎம் தொடர்ந்து ஓடாது, வேறு நோட்டில் புதிதாக எழும்; அதற்குச் சில நிமிடம் ஆகும். எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள், 14-ம் எழுந்தனவா என்று எண்ணுங்கள். நோட்டைத் திரும்பச் சேர்த்து எல்லாம் சீரானதும் ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். அதுவும் சரியானதும் ஸ்டோரேஜ் கேபிள் ஒன்றைக் கழற்றுங்கள். மூன்றிலும் லேப் கவுன்டரில் ஒருவர் உட்கார்ந்து ரிப்போர்ட் போட்டுக்கொண்டே இருக்கட்டும்; அவர் சரி என்று சொன்ன பிறகு காசோலையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.