மூன்று மாதமாக 'தண்ணி' என்றுகூடச் சொல்லவில்லை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம் உள்ளவன். முன்பெல்லாம் தானே சட்டை போட்டு பட்டன் மாட்டுவான். 'தண்ணி வேணும்', 'கார்ல போலாம்' என்று கேட்பான். ஜூனில் பெரிய பள்ளிக்கு மாற்றினோம். பள்ளி விட்டதும் பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, டியூஷன் என்று வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். பள்ளியில் 'ரொம்ப சமத்து' என்கிறார்கள். வீட்டு வாசலை மிதித்ததும் பையை வீசுகிறான், தலையைச் சுவரில் மோதுகிறான், என்னைக் கடிக்கிறான். மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. பட்டன் மாட்டவும் தெரியவில்லை. தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை. மாமியார், 'இடம் கொடுத்துக் கெடுத்துட்ட, ரெண்டு அடி வை' என்கிறார். கணவர், தெரபி நேரத்தைக் கூட்டலாம் என்கிறார். ஐப்பசியில் கொழுந்தனார் கல்யாணம் வேறு. என்ன செய்வேன் அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: தங்கச்சி, அடிக்கவும் வேண்டாம், தெரபியைக் கூட்டவும் வேண்டாம். நான் சிறப்பாசிரியர். 19 வயது ஆட்டிசப் பிள்ளைக்கு அம்மாவும்கூட.

முதல் வேலை, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவது. வந்த பேச்சு நின்றுபோனால் அதைச் சும்மா விடக் கூடாது. காது வலி, சொத்தைப் பல், மலச்சிக்கல் எதுவென்றாலும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். தலையை மோதுவதையும், தயிர்சாதம் மட்டுமே சாப்பிடுவதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

உடம்பில் கோளாறு இல்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பழகிய கதை. பள்ளியில் 'சமத்து' என்கிறார்களே, அங்கேதான் அவன் தேய்கிறான். மணிச்சத்தம், நூறு பிள்ளைகளின் கூச்சல், கழுத்தில் உரசும் யூனிஃபார்ம் லேபிள் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் உடைகிறது. அதைத்தான் மெல்ட்டவுன் என்கிறோம். கேட்டதைக் கொடுத்தால் அடம் நிற்கும், இது நிற்காது. இப்படியே மாதக்கணக்கில் போனால் கற்றதெல்லாம் கைநழுவும். அது பர்ன்அவுட். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் அனுபவத்தைக் கேட்டு 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வும் இதையேதான் சொன்னது: மூன்று மாதத்துக்கு மேல் நீளும் களைப்பு, இருந்த திறன் குறைவது, ஒலியும் ஒளியும் தாங்காமல் போவது.

என் மகனுக்கு ஒன்பது வயதில் இது வந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கடியில் புகுந்து, சிவப்பு சிமென்ட் தரையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு அலறுவான். நானும் தரையில் படுத்து, 'கண்ணா, என்னடா ஆச்சு, அம்மாகிட்ட சொல்லுடா' என்று கெஞ்சிக்கொண்டே இருப்பேன். முக்கால் மணி நேரம் போகும். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. பேச முடியாமல் கட்டில் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அடங்கினான். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து என் சேலை நுனியைப் பிடித்தது. என் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு இன்னொரு சத்தமாகத்தான் இருந்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

ஆகவே அந்த நேரத்தில் பேசாதீர்கள். டிவியையும் விளக்கையும் அணைத்து, மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணை வையுங்கள். ஒரு கை தூரம் தள்ளி, முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அடிபடும் ஆபத்து இருந்தாலொழிய பிடித்து அமுக்காதீர்கள், பிடித்தால்தான் கடி விழும். அடங்கிய பிறகு, 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று விசாரணை வேண்டாம். தூங்கினால் தூங்கட்டும்.

அடுத்தது சுமையைக் குறைப்பது. டியூஷனை இன்றே நிறுத்துங்கள். தெரபிஸ்டுகளிடம் பேசி, சில வாரங்களுக்கு நேரத்தைக் குறையுங்கள், முடிந்தால் நிறுத்தியே வையுங்கள். கணவரிடம் கேளுங்கள்: உழுது களைத்துப் படுத்த மாட்டை எழுப்பி இன்னொரு ஏரில் பூட்டுவோமா? பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், மாற்றுத்திறனாளி சான்றிதழின் நகலோடு. பிரேயர் கூட்டம் முடிந்தபின் வர, காது மூடி அணிய, சில வாரம் அரை நாளோடு திரும்ப அனுமதி கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்து தருவது பள்ளியின் கடமை.

வீடு வந்ததும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி, பாடம் எதுவும் வேண்டாம். உத்திரம் உறுதியாக இருந்தால் சேலையில் தூளி கட்டிவிடுங்கள், என் மகன் அதில் சுருண்டு கிடந்துதான் தேறினான். 'தண்ணின்னு சொன்னாதான் தருவேன்' என்று தயவுசெய்து நிறுத்தி வைக்காதீர்கள். டம்ளர் படத்தைத் தொட்டாலும், கையை இழுத்துக் காட்டினாலும் உடனே கொடுங்கள். படம் காட்டுவது பேச்சைத் தடுக்காது. படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசும் செயலி ஒன்று உண்டு, சென்னையில் உருவான ஆவாஸ். அதையும் பாருங்கள். பட்டனை இப்போதைக்கு நீங்களே மாட்டிவிடுங்கள்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். 'அத்தை, அவன் வர்றதுக்குள்ள குக்கரும் மிக்சியும் முடிஞ்சிடணும், அது உங்க பொறுப்பு' என்று ஒப்படையுங்கள். என் மாமியாரும் அடிக்கச் சொன்னவர்தான். இரண்டே வாரத்தில், பக்கத்து வீட்டில் ரேடியோ அலறினால் போய் குறைக்கச் சொல்லிவிட்டு வருவார்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். என் மகனுக்கு ஏழு மாதம். திரும்பி வந்த முதல் சொல் 'அம்மா' இல்லை, 'ஃபேன்'. அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மண்டபம் காலியாக இருக்கும்போது ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். முகூர்த்தத்துக்கு அவனை உள்ளே உட்கார வைக்க வேண்டாம். கெட்டிமேளம் கொட்டும்போது நிழலில் நிறுத்திய காரில் அப்பாவோடு இருக்கட்டும். நீங்கள் அட்சதை போட்டுவிட்டு வாருங்கள். தயிர்சாத டப்பாவை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், பந்தித் தயிர்சாதத்தில் கடுகு தாளித்திருப்பார்கள்.