2014-ல் வெட்டல் ஏன் பின்தங்கினார்?
ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் நான்கு முறை சாம்பியனான செபாஸ்டியன் வெட்டல் 2014-ல் தன் ரெட்புல் அணியின் சக ஓட்டுநர் டேனியல் ரிக்கார்டோவிடம் தோற்றதால், "அவர் முன்பு ஜெயித்ததெல்லாம் காரின் திறமைதான்" என்று உங்கள் நண்பர் அடித்துச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2013 வரை ரெட்புல் காரில் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாயு டிஃப்யூசரை (காரின் அடியில், பின்பக்கம் காற்று வெளியேறும் பகுதி) நோக்கிப் பாய்ந்து, பின்பகுதியைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. வளைவில் சீக்கிரமே ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பின்சக்கரம் அவ்வளவாக வழுக்காது. வெட்டலின் பாணியே அந்தப் பிடிப்பை நம்பி வளர்ந்தது. 2014 விதிகள் அந்த வசதியைப் பறித்துவிட்டன. கூடவே புது டர்போ எஞ்சின் வேறு. ரிக்கார்டோவுக்கு மறக்க வேண்டிய பழக்கம் குறைவு, அவர் நன்றாகவும் ஓட்டினார்: 238 புள்ளிகள், மூன்று வெற்றிகள். வெட்டலுக்கு 167, வெற்றியே இல்லை.

அப்புறம், இதையும் நண்பரிடம் சொல்லுங்கள்: 2015-ல் ஃபெராரிக்குப் போன வெட்டல், இரண்டாவது பந்தயமான மலேசியாவிலேயே ஜெயித்தார்.