துணி போர்த்திய விமானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்ற ஊரின் புல்தரையில் பழைய விமானங்கள் பறப்பதை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்ததாகச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து ஒரு மனத்தாங்கல். இறக்கைத் துணி புதிது, மரத்தில் பாதி புதிது, எஞ்சினிலும் பல பாகங்கள் புதிது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு அது எப்படி நூறு வருஷத்து விமானம்? பழையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் பத்திரமாக வைக்காமல் பறக்கவிட்டு உடைப்பது என்ன புத்தி? காசு மிஞ்சிய நாட்டின் விளையாட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தஞ்சாவூரிலும் யுத்த காலத்து விமானத் தளம் உண்டு. என் அப்பா இளவயதில் அங்கே மண் சுமந்தவர். "இரண்டு எஞ்சின், உடம்பெல்லாம் துணி" என்று அங்கே வந்த விமானங்களைச் சொல்வார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவற்றில் ஒன்றையாவது யாராவது காப்பாற்றி வைத்திருக்கக் கூடாதா?

ர., அம்மாபேட்டை

அன்புள்ள ர.,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் நீங்கள் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில், திருவாரூர்க் கீழவீதியில் நிற்கிறது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றுபோன ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியது. அதன் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவேலை. அதற்காக 'இது தியாகராஜர் தேர் இல்லை' என்று யாரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. உளுத்த மரத்தை மாற்றாத தேர் எந்த ஊரிலும் கிடையாது.

தேர் ஓடாமல் நின்றுபோனால் மரத்துக்கும் முன்னால் காணாமல் போகிறவர் முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஆள். விமானத்திலும் அதே கதைதான். ஓல்ட் வார்டனில் பட்டறைக் கொட்டகைகளுக்குள் போய்ப் பார்க்கலாம். நான் போன அன்று ஓர் இறக்கைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். முழ நீள ஊசி. ஒருவர் மேலிருந்து குத்த, கீழே நிற்பவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். மரச் சட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. தைத்து முடித்ததும் 'டோப்' என்கிற ஒரு திரவத்தைப் பூசுகிறார்கள். அது காயக் காயத் துணி இறுகும். காய்ந்து முடிந்த இன்னோர் இறக்கையை, கேட்டுக்கொண்டுதான், விரலால் தட்டிப் பார்த்தேன். தவிலின் வலந்தலை போலக் கணீரென்றது. தையல்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஊசி வாங்கிக் கொடுத்த பையனுக்கு இருபது. விமானம் பறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு அங்கே வேலையே இல்லை. கண்ணாடிக்குள் நிற்கும் விமானத்தின் முடிச்சு சரியா தவறா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

கண்ணாடிக்குள் வைக்க முடியாத இன்னொன்றும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்து அவ்ரோ 504கே விமானத்தின் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள். காற்றாடியோடு சேர்ந்து எஞ்சினே முழுதாகச் சுழலும். பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து போவதால் சாதாரண எண்ணெய் அதில் கரைந்துவிடும். கரையாத எண்ணெய் வேண்டும். அது என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய்தான்! ஒரு தடவை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே வந்து விமானி முகத்தில் அடிக்கும். அந்தக் காலத்து விமானிகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததாகச் சொல்வார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது செய்தியே இல்லை. எஞ்சின் கிளம்பி நீலப் புகை எங்கள் பக்கம் வந்தபோது சுற்றியிருந்தவர்கள் ஆனந்தமாக மூச்சை இழுத்தார்கள். நான் மட்டும் ஏழு வயதுப் பையனாகி வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த விமானத்துக்குச் சக்கர பிரேக் கிடையாது. தரையில் திரும்பும்போது இரண்டு பேர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். எனக்குக் கீழவீதி ஞாபகம்தான் வந்தது.

ஆபத்து பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2015இல் ஷோரம் என்ற ஊரில் பழைய ஹண்டர் ஜெட் ஒன்று வித்தை காட்டும்போது நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அந்த வகை வீரத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஓல்ட் வார்டனில் 1909இல் செய்த பிளேரியோ விமானம் ஒன்று இருக்கிறது. உலகில் இன்னும் பறக்கும் மிகப் பழைய விமானங்களில் ஒன்று. காற்று அடங்கினால் மட்டுமே அதை வெளியே எடுப்பார்கள். அன்று மாலை, காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பை தொங்கிய பிறகு புல்தரையின் ஒரு முனையில் எழும்பி, இளந்தென்னை உயரம்கூடப் போகாமல், நேர்கோட்டில் போய் இறங்கியது. திரும்பவே இல்லை, திருப்பக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் பறத்தல். இதை உடைக்கும் புத்தி என்று சொல்வீர்களா?

பணக்கார நாட்டு விளையாட்டு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாருக்கும் உதவக் கூடாதென்று கான்பூரில் உடைத்துப்போட்டு விட்டுப் போனார்கள். அந்தக் குப்பையிலிருந்து ஏறத்தாழ நாற்பது விமானங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பறக்கவைத்தது பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை. நம் விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. அவற்றில் ஒன்று 1974இல் இங்கிலாந்துக்குப் பறந்தே போய், இன்று ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைத்துப்போட்டவர்களுக்கு ஒட்டிக் கொடுத்தோம். நமக்கென்று பறக்கும் நிலையில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான். தஞ்சைத் தளம் 2013இல் போர் விமானத் தளமாகி, 2020 முதல் சுகோய் அணி ஒன்றின் இருப்பிடம். வேடிக்கை பார்க்க அங்கே இடமில்லை; இருக்கவும் கூடாது.

கடைசியாக, உங்கள் அப்பா. 1942 அக்டோபரில் தஞ்சாவூரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் அணி மறுபடி உருவாக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட விமானம் வெலிங்டன். வேலை, கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது. வெலிங்டனுக்கு இரண்டு எஞ்சின். உடம்பு முழுக்க அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூடை போலப் பின்னி, மேலே லினன் துணி இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். 11,461 செய்ததில் இன்று முழுதாக மிஞ்சியவை இரண்டே இரண்டு. இரண்டும் இங்கிலாந்தில், இரண்டும் பறப்பதில்லை. ஒன்றை 1985இல் லாக் நெஸ் ஏரியின் அடியிலிருந்து தூக்கி எடுத்தார்கள். ப்ரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் அதன் பக்கவாட்டில் துணியில்லாமல் அந்தப் பின்னல் அப்படியே தெரியும். அன்றைக்கு உங்களோடு சேர்ந்து சிரித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், அந்த விமானத்தின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.