வாசகர் கேள்வி - பதில்: வெள்ளைத் தாளைக் கண்டால் கை நடுங்குகிறவர்களுக்கு

கேள்வி: ஆசை ஆசையாக ஒரு நல்ல ஸ்கெட்ச் புக் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. திறந்தாலே ‘இதைப் பாழாக்கிவிடுவோமோ’ என்று பயம். இத்தனைக்கும் வரையவே வராது என்றில்லை, பள்ளியில் வரைந்திருக்கிறேன்.

பதில்: அந்தப் புத்தகத்தை ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது பாழானாலும் வருத்தம் தராத தாள். சாதாரண ஏ4 தாள் நான்கு எடுங்கள்; பிரின்டரில் போடும் 80 ஜி.எஸ்.எம். தாளே போதும் (ஜி.எஸ்.எம். என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டினால் எட்டுத் துண்டு. எட்டையும் அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கத்தில் சட்டைப்பையில் அடங்கும் குட்டி நோட்டு தயார். மடிப்பில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று துளை போடுங்கள். 40 செ.மீ. நூலை ஊசியில் கோத்து, உள்பக்கமிருந்து நடுத்துளை வழியாக வெளியே விடுங்கள். மேல்துளையில் உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டி, கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வர வேண்டும். உள்ளே நீளமாக ஓடும் நூல் நடுவில் அகப்படும்படி இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஒரு மாதத்துக்கு வரும்.

முதல் பக்கத்தில் எதுவும் வரையாதீர்கள். வீட்டிலிருக்கும் பேனாக்களையெல்லாம் எடுத்து அங்கே கிறுக்கிப் பாருங்கள். தாள் கறைபட்டால் அதன் மிரட்டல் பாதி போய்விடும். பென்சில், ரப்பர் இரண்டும் இந்த மாதம் வேண்டாம், பால்பாயின்ட் பேனாதான். ரப்பர் கையில் இருந்தால் அழிப்பதிலேயே பொழுது போய், படம் முடியவே முடியாது. கோடு தப்பிவிட்டால் அதை அப்படியே விட்டு, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டு கோடும் சேர்ந்தே அழகாகத்தான் இருக்கும்.

முதல் வாரம் முழுக்க ஒரே பயிற்சி. உங்கள் இடது கையையோ (இடதுகைக்காரர் என்றால் வலது கையையோ) ஒரு சாவிக்கொத்தையோ பாருங்கள். தாளைப் பார்க்காமல், அதன் விளிம்பில் ஓர் எறும்பு எவ்வளவு மெதுவாக ஊருமோ அந்த வேகத்தில் பேனாவை நகர்த்துங்கள். இரண்டு நிமிடம் போதும். முடித்துப் பார்த்தால் விரல் ஓரிடத்தில் இருக்கும், நகம் வேறெங்கோ இருக்கும். அப்படித்தான் வரவேண்டும். இந்தப் பயிற்சி கைக்கு அல்ல, கண்ணுக்கு.

கண்ணுக்கு ஏன் பயிற்சி? நாம் பெரும்பாலும் எதிரில் இருப்பதை வரைவதில்லை, ஏற்கெனவே தெரிந்ததை வரைகிறோம். மேசைமேல் ஒரு கோப்பையை வைத்து வரையச் சொன்னால், வாயை முட்டை வடிவில் போட்டுவிட்டு அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். கோப்பை மேசைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும், அதனால் கை அதையே போடுகிறது. உண்மையில் அடியும் வளைந்துதான் தெரியும். வாயைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வளைந்திருக்கும், ஏனென்றால் அது நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது. நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் கூராக முடியாமல் உருண்டு திரும்பும். இந்த இரண்டையும் நீங்களே கண்டுபிடிக்கிற அன்று ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது படம் நன்றாக வந்ததால் வருவதில்லை. தினமும் கையில் எடுத்த கோப்பையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: வரைவதற்குப் பதில் போனில் படம் எடுத்துவைத்தால் போதாதா?

பதில்: எடுக்கும் விதத்தைப் பொறுத்தது. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்தில் ஒரு சோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார். பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிட எடுத்தவைதான் குறைவாக நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆகவே முதலில் ஒரு நிமிடம் பாருங்கள். எந்த மூலை உங்களைப் பிடித்திழுக்கிறது என்று முடிவு செய்து அதை மட்டும் ஒரே ஒரு படம் எடுங்கள்.

கேள்வி: தினமும் மூன்று சின்ன சந்தோஷங்களைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் நன்றாகப் போனது. இப்போது ‘காற்று நன்றாக இருந்தது’, ‘நன்றாகத் தூங்கினேன்’ என்று அதையே திருப்பித் திருப்பி எழுதுகிறேன். வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது.

பதில்: தவறு உங்களிடம் இல்லை, அளவில் இருக்கிறது. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட, பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வின் முதல் பகுதியில், நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை வாரம் ஒருமுறைதான், பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் சோதித்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட குறிப்பை அடிக்கடி எழுதினால் மனம் பழகிப்போய்விடலாம்.

வாரம் ஒரு நாள், ஒரே ஒரு விஷயம், ஐந்தாறு வரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘நன்றாக’, ‘அழகாக’, ‘அருமையாக’ மூன்று சொல்லுக்கும் தடை. அவற்றுக்குப் பதிலாக ஓர் அசைவு, ஓர் எண்ணிக்கை, கண்ணைத் தவிர வேறொரு புலன், இம்மூன்றும் கட்டாயம் வேண்டும். ‘மழை நன்றாக இருந்தது’ என்று எழுதுகிற இடத்தில் இப்படி வரும்:

‘மழை விட்ட பிறகு துணி காயப்போடும் கொடியில் பதினோரு துளிகள் தொங்கின. ஒன்று மெல்ல நகர்ந்து அடுத்ததைத் தொட்டது. இரண்டும் ஒன்றாகி, பாரம் தாங்காமல் கீழே இருந்த வாளியில் ‘டொக்’கென்று விழுந்தது. பிறகு மீதி ஒன்பதும் அசையவில்லை.’

எழுதி முடித்ததும் கணக்கைச் சரிபாருங்கள். பதினொன்றில் இரண்டு போனால் மீதி ஒன்பதுதான். இப்படிச் சரிபார்க்கும்போது அந்தக் காட்சி மறுபடி ஒருமுறை கண்முன் ஓடும், அதற்காகத்தான் எண்ணிக்கை.

கேள்வி: வாட்டர் கலரில் எதைப் போட்டாலும் சேறாகிவிடுகிறது. தாளும் சுருண்டுகொள்கிறது.

பதில்: தாள் சுருளக் காரணம், நார் தண்ணீர் குடித்து உப்புவது. மெல்லிய தாளில் இதைத் தவிர்க்க முடியாது. வண்ணத்துக்கு மட்டும் 300 ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்கள், அஞ்சலட்டை அளவுக்கு வெட்டினால் நிறைய வரும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒரு பலகையில் ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகே பிரியுங்கள். டேப்பைப் படத்துக்கு எதிர்த்திசையில், சாய்வாக, நிதானமாக இழுக்க வேண்டும்.

சேறு ஆவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். அடிப்பூச்சு காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் கலங்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிரஷ் கழுவ ஒரு கிண்ணம், நிறம் கரைக்கச் சுத்தத் தண்ணீர் இன்னொரு கிண்ணம் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலவையில் இரண்டு நிறத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தால் ஒன்றையொன்று மங்கடித்துப் பழுப்பு, சாம்பல் பக்கம் போகும். காய்ந்ததும் நிறம் வெளிறும், அதனால் போடும்போது கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ் பட்டுப் பூக்கோசு மாதிரி ஓரம் விரிந்துவிட்டால் தேய்க்காதீர்கள், தாளின் மேல்தோல் உரிந்துவிடும். அப்படியே விட்டுவிடுங்கள். மேகம் வரையும்போது அதையே வேண்டுமென்று வரவழைக்கிறவர்கள் உண்டு.

கேள்வி: வெளியில் உட்கார்ந்து வரைய ஆசை. எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சம்.

பதில்: நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் பார்ப்பதில்லை. தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடகரின் படம் போட்ட, கூச்சம் தரக்கூடிய டி-சர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வழியிருக்காது. குட்டி நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால் கணக்கு எழுதுகிறீர்கள் என்றே நினைப்பார்கள். யாராவது கேட்டுவிட்டால் “சும்மா பழகிக்கிட்டு இருக்கேன்” என்றால் போதும். முதலில் அசையாத பொருள், பிறகு காத்திருக்கும் மனிதர்கள். அவர் தலையைத் திருப்பிவிட்டால் படத்தை அப்படியே நிறுத்திப் பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். காத்திருப்பவர்கள் இரண்டு மூன்று நிலையிலேயே மாறி மாறி உட்காருவார்கள், பழைய நிலைக்குத் திரும்பும்போது விட்ட இடத்தில் தொடரலாம்.

கேள்வி: நான்கு நாள் விட்டுப்போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

பதில்: வேண்டாம். பிலிப்பா லாலி குழுவினரின் 2010 ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க, நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. நீங்கள் நான்கு நாள் விட்டிருக்கிறீர்கள், அதற்காக ஐந்தாம் நாள் நான்கு பக்கத்தைச் சேர்த்து வரையாதீர்கள், கடன் அடைப்பது போலாகிவிடும். அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எதுவோ அதை வரையுங்கள். பேனா மூடியாக இருந்தாலும் சரி.